மறுபடி மேடம்

நெல்லித்தோப்பில் நாங்கள் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு டூவீலர் மெக்கானிக் இருந்தார். ரிப்பேர் முடிந்ததும் வண்டியைக் கிளப்பிக் காட்டுவார். எல்லாரும் சந்தோஷமாக ஏறிப் போய்விடுவார்கள். ஒரே ஒருவர் மட்டும் போகமாட்டார்.

"அணைங்கண்ணே."

மெக்கானிக் அணைப்பார்.

"மறுபடி போடுங்க."

போடுவார். கிளம்பும்.

"இப்ப சூட்டுல கிளம்புது. ஆறட்டும். நான் பதினோரு மணிக்கு வந்து மறுபடி போட்டுப் பாக்குறேன்."

சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குள் வந்துவிடுவார். மெக்கானிக் என்னைப் பிடித்துக்கொள்வார். "இன்னா சார் இது, உங்க மேடம் என்னிய நம்பவே மாட்டேங்குறாங்க. ஓடுற வண்டிய அணைக்கச் சொல்றவங்கள நான் பாத்ததே இல்ல."

"உங்களையாவது மூணு மாசத்துக்கு ஒரு தடவைதான் படுத்துறாங்க. நான் தினம் எட்டு மணி நேரம் கூடவே உக்காந்திருக்கேன்" என்று ஆறுதல் சொல்லிவிட்டு வருவேன்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு மறுபடி மேடம் என்று பெயர். யார் வைத்தது என்று கேட்டால் லேபில் மருந்துக் கவுண்டரைக் காட்டுவார்கள், மருந்துக் கவுண்டரில் லேபைக் காட்டுவார்கள். வைத்தது நான்தான்.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ இருக்கும். மாடிப்படிக்கு அடியில் இருந்த ஓர் அறைதான் கம்ப்யூட்டர் செக்ஷன். இரண்டு நாற்காலி, ஒரு ஏசி. ஏசி எங்களுக்காக இல்லை, மூலையில் நின்ற சர்வருக்காக. நோயாளியின் பெயர் பதிவது முதல் லேப் ரிசல்ட் வரை எல்லாம் அந்த ஒரு மெஷினில்தான் ஓடியது. பெயர் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாத ஓர் இலவச யூனிக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தை அதில் போட்டு வைத்திருந்தேன். நான் வில்லியனூர் பக்கம், வயலும் மாடும் இருந்த வீடு. கம்ப்யூட்டரை யாரிடமும் உட்கார்ந்து படித்ததில்லை, பழைய புத்தகங்களை வாங்கி நானே கற்றுக்கொண்டது. அந்தத் திமிர் எனக்கு இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருந்தேன். சர்வரைக் கடைசியாக அணைத்து எத்தனை நாள் ஆயிற்று என்று அதில் எழுதுவேன். தினமும் காலையில் டிபன் பாக்ஸை வைப்பதற்கு முன்னால் பழைய எண்ணை அழித்துப் புது எண்ணை எழுதினால்தான் எனக்குப் பொழுது விடியும். இது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் இருந்த பைத்தியம்தான். சிஸ்டம் பார்க்கிறவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் சம்பளம் கேட்க மாட்டார்கள். "உன்னுது எத்தனை நாளா ஓடுது?" என்றுதான் கேட்பார்கள்.

மேடம் வேலைக்குச் சேர்ந்த அன்று பலகையில் தொண்ணூற்றாறு இருந்தது. ஒரு வருட கான்ட்ராக்டில் என் உதவிக்கு வந்தவர், இருபத்தாறு வயது இருக்கும். பெரிய மார்க்கெட் பக்கத்தில் அவருடைய அத்தா, அதாவது அப்பா, பை வியாபாரம் பார்த்தார். தலையில் முக்காடு, கையில் ஒரு பிஸ்கட் டின். அந்த டின்னில் பிஸ்கட் இல்லை, ஃப்ளாப்பிகள் இருந்தன என்பது பிறகு தெரிந்தது.

"தொண்ணூத்தாறு நாளா அணைக்கவே இல்லியா சார்?"

"இல்லியே" என்றேன், காலரைத் தூக்கிவிடாத குறையாக.

"அப்ப தொண்ணூத்தாறு நாளா, இத அணைச்சா எழுந்திருக்குமான்னு யாருக்கும் தெரியாது."

அன்றைக்கே அவரை மருந்துக் கவுண்டருக்கு மாற்றிவிட்டிருக்க வேண்டும் என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

அவர் சொன்னதில் ஒரு விஷயம் இருந்தது, அதைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி மெஷின்கள் ஒவ்வொரு தடவை தூங்கி எழும்போதும் முதலில் ஒரு தாளைப் படிக்கும். தாள் என்றால் உள்ளே இருக்கிற ஒரு சின்ன ஃபைல்தான். நாங்கள் பேச்சில் தாள் என்போம். உன் பெயர் இது, இந்தக் கம்பி வழியாகத்தான் நீ பேச வேண்டும், இன்னின்ன வேலைகளை ஆரம்பிக்க வேண்டும் என்று நாற்பது வரி அதில் இருக்கும். எழும்போது படிப்பதோடு சரி, அடுத்து எழும்வரை அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆகவே ஓடிக்கொண்டிருக்கிற மெஷினின் தாளில் நீங்கள் என்ன கிறுக்கினாலும் ஒன்றும் ஆகாது. அன்றைக்கு ஆகாது. என்றைக்கு அணைகிறதோ அன்றைக்குத்தான் எல்லாம் சேர்த்து வெடிக்கும்.

நான் கிறுக்கினேன். ஒரு புது பிரிண்டருக்காகத் தாளின் கடைசியில் ஒரு வரி சேர்க்க வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு அம்புக்குறி அடிக்க வேண்டும். ஒன்று மட்டும் அடித்தால் இருப்பதை எல்லாம் துடைத்துவிட்டுப் புது வரியை மட்டும் எழுதிவிடும். கவுண்டரில் யாரோ கூப்பிட்டார்கள், நான் ஒன்றை அடித்துவிட்டு எழுந்து போய்விட்டேன். பிரிண்டர் ஓடியது, மெஷின் ஓடியது, நானும் ஜாலியாக பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன்.

மேடத்துக்கு ஒரு பழக்கம். காலையில் டீ குடித்துக்கொண்டே அந்தத் தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரை படிப்பார், மற்றவர்கள் பேப்பர் படிப்பது மாதிரி.

"சார், நம்ம மெஷினுக்குப் பேரே இல்ல" என்றார்.

"இன்னா மேடம் சொல்றீங்க?"

"நாப்பது வரி இருந்த எடத்துல ஒரே ஒரு வரி இருக்கு. பிரிண்டர் வேணும்னு மட்டும் சொல்லுது. நீங்க யாரு, எங்க இருக்கீங்கன்னு கேட்டா அதுக்குத் தெரியாது."

அப்போதுதான் எனக்கு அந்த ஒற்றை அம்புக்குறி ஞாபகம் வந்தது. அவர் பிஸ்கட் டின்னைத் திறந்து ஒரு ஃப்ளாப்பியை எடுத்துப் போட்டார், பத்து நிமிடத்தில் நாற்பது வரியும் வந்து உட்கார்ந்தன. ஆஸ்பத்திரியை நடத்துகிற பெரிய டாக்டரிடம் போய்ச் சொல்லவும் இல்லை. ஃப்ளாப்பியில் காப்பி எடுப்பது நானும் செய்வதுதான். ஆனால் அவர் எடுத்த காப்பியை வாரம் ஒரு தடவை ஒரு பழைய மெஷினில் திரும்பப் போட்டுப் பார்ப்பார். வந்தால்தான் அது காப்பி, வராவிட்டால் வெறும் பிளாஸ்டிக் என்பார்.

அன்று மத்தியானம் ஊர்க்கடைகள் எல்லாம் வழக்கம்போல் ஷட்டரை இறக்கிக்கொண்டு தூங்க, அவர் மட்டும் எங்கள் அறையில் தட்டிக்கொண்டே இருந்தார். நாலு மணிக்கு "மாத்து" பிறந்தது. கறுப்புத் திரையில் பெயரைத் தட்டினால் ஓடுகிற ஒரு சின்ன புரோகிராம். மவுஸும் கிடையாது, படமும் கிடையாது. இனிமேல் தாளை யாரும் கையால் திறக்கக் கூடாது, மாத்துவிடம்தான் சொல்ல வேண்டும் என்றார். எதை, என்னவாக மாற்ற வேண்டும் என்று சொன்னால், முதலில் பழையதை ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்ளும். முன்பு இது, இனிமேல் இது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். மேற்கோள் குறி எங்கேயாவது விட்டுப்போயிருந்தால் முடியாது என்று சொல்லிவிடும். மற்ற முப்பத்தொன்பது வரியையும் தொடாது. எல்லாம் சரி என்றால் கடைசியில் ஒரு கேள்வி கேட்கும், ஏன் என்று.

ஏன் என்று அது கேட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. செக்ஷனுக்கு நான்தான் இன்சார்ஜ், நான் போட்ட மெஷின், என்னை ஒரு புரோகிராம் காரணம் கேட்கிறது. முதல் தடவை "சும்மா" என்று தட்டினேன். வாங்கிக்கொண்டது. மறுநாள் மறுபடி "சும்மா" என்று தட்டினால், இது காரணம் இல்லை என்று பதில் வந்தது. மேடம் அந்தப் பக்கம் திரும்பி ரொம்ப மும்முரமாக எதையோ படித்துக்கொண்டிருந்தார். "சும்மாதான்" என்று தட்டினேன், போயிற்று. அடுத்த நாள் அதுவும் போகவில்லை. ஒரு வாரம் எங்களுக்குள் இப்படி ஒரு யுத்தம் நடந்தது, இரண்டு பேரும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசாமல். கடைசியில் நான் தோற்று ஒழுங்காகக் காரணம் எழுத ஆரம்பித்தேன்.

"இவ்ளோ பாக்குதே, இனிமே தப்பே வராது இல்ல?" என்று ஒரு நாள் கிண்டலாகக் கேட்டேன்.

"எழுத்து சரியான்னு பாக்கும் சார். எழுதினது நெசமான்னு அதுக்குத் தெரியாது. அதுக்கு அணைச்சுத்தான் பாக்கணும்."

அவருக்கு மனுஷர்களும் இந்தக் கணக்கில்தான் வந்தார்கள். காரைக்காலிலிருந்து ஒரு மாப்பிள்ளை பார்க்க வந்த கதையை அவரே சொன்னார். நல்ல படிப்பு, நல்ல பேச்சு. கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்குப் போகலாமா என்று இவர் கேட்டிருக்கிறார். தாராளமாகப் போகலாம் என்றிருக்கிறார் அவர். வீட்டில் எல்லார் முகத்திலும் சிரிப்பு. இவர் உள்ளே போய் டீத்தட்டோடு பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து, மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, அதே கேள்வியை மறுபடி கேட்டிருக்கிறார். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றாராம்.

"அவ்ளோதான் சார். முதல் தடவை சூட்டுல கிளம்பின வண்டி" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அத்தாவுக்கு வருத்தம். இந்த வேலை இருக்கிறவரை உன் இஷ்டம், கான்ட்ராக்ட் முடிந்து வேலை இல்லை என்றால் அப்புறம் நான் சொல்கிற இடத்தில்தான் என்று சொல்லிவிட்டாராம். சொல்லும்போது மேடம் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் ரொம்ப நாள் கழித்து அவருக்குக் கல்யாணம் ஆகி ஷார்ஜா போனதாகக் கேள்விப்பட்டேன். கட்டிக்கொண்டவர் இரண்டு தடவையும் ஒரே பதிலைச் சொன்ன மனிதராகத்தான் இருக்க வேண்டும்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு இடி விழுந்தது. எங்கள் சர்வர் பிழைத்துக்கொண்டது, மற்ற கம்ப்யூட்டர்களோடு அது பேசுவதற்காக உள்ளே இருந்த நெட்வொர்க் கார்டு போய்விட்டது. வெளியே பன்னிரண்டு கம்ப்யூட்டரும் உறைந்து நின்றன. ஓ.பி.யில் நூறு பேர். நல்ல வேளையாக மெஷினில் அதே மாதிரி இரண்டாவது கார்டு ஒன்று சும்மா இருந்தது. கம்பியைப் பிடுங்கி அதில் சொருகினேன், இனிமேல் இதன் வழியாகப் பேசு என்று நாலு வார்த்தை தட்டினேன். ஐந்தே நிமிடம். பெயர் பதிகிற கவுண்டரில் இருந்த அக்கா கை தட்டினார். பெரிய டாக்டரே வந்து தோளில் தட்டிவிட்டுப் போனார். மெஷினை அணைக்காமலே காரியத்தை முடித்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பலகையில் என் எண் பத்திரமாக இருந்தது.

"சார், இப்ப நீங்க வாயால சொன்னது அதுக்கு ஞாபகம் இருக்கு. அணைஞ்சா மறந்துடும். தாள்ல ஏத்தணும்" என்றார் மேடம்.

"நீங்களே ஏத்திடுங்க."

ஏற்றினார், மாத்து வழியாக. காரணம் கேட்ட இடத்தில் "இடியில் முதல் கார்டு போனதால் இரண்டாவதற்கு மாற்றம்" என்று எழுதினார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

அன்று பிடித்தார் அந்த வார்த்தையை. ஒரு தடவை அணைத்து எழுப்பிப் பார்த்துவிடலாம் சார். வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்பார். நான் கொடுப்பேனா? முந்நூறைத் தாண்டி, நானூறைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. ஐந்நூறு வந்தால் ஸ்டாஃப் எல்லாருக்கும் ஸ்வீட் வாங்கித் தருகிறேன் என்று வேறு சொல்லி வைத்திருந்தேன். "ஓடுறத எதுக்கு மேடம் நிறுத்தணும்?" என்பேன். "நிறுத்தினா ஓடுமான்னு பாக்கத்தான்" என்பார்.

அவருடைய கான்ட்ராக்ட் முடிகிற மாதம் ஒரு சர்க்குலர் வந்தது. புது டிரான்ஸ்ஃபார்மர் வைக்கப் போகிறார்கள், வருகிற செவ்வாய்க்கிழமை காலை நாலு மணி நேரம் கரண்ட் இருக்காது. ஜெனரேட்டர் ஆபரேஷன் தியேட்டருக்கும் வார்டுக்கும்தான், எங்கள் அறை அந்த லைனில் கிடையாது. யூபிஎஸ் இரண்டு மணி நேரம் தாங்கும். இருக்கிறதை வைத்துப் பார்த்தால் அன்றைக்கு மெஷின் அணையும்.

"ஞாயித்துக்கெழம பகல்லயே நாம அணைச்சுப் பாத்துடலாம் சார். செவ்வாக்கெழம எழுந்திருக்கலன்னா முந்நூறு பேர் வரிசையில நிப்பாங்க. ஞாயித்துக்கெழம விழுந்தா நாம ரெண்டு பேர்தான் நிப்போம்."

"முடியாது. வேற ஒரு யூபிஎஸ் வாடகைக்கு எடுக்கறேன், சேத்து ஓட்டிடலாம்."

அவர் ஒரு பேப்பரை எடுத்து லெட்டர் எழுதி, என்னைத் தாண்டிப் பெரிய டாக்டரிடம் கொடுத்துவிட்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கத்தினேன். நேற்று வந்தவர், என் செக்ஷன், என் மெஷின் என்று என்னென்னவோ சொன்னேன். சாயங்காலம் மனசு கேட்கவில்லை. பஸ்ஸுக்குக் கிளம்பும்போது "சாரி மேடம், ஏதோ கோவத்துல" என்றேன்.

"இதும் சூட்டுல சொல்றதுதான் சார். காலைல வந்து மறுபடி சொல்லுங்க, ஏத்துக்கறேன்."

காலையில் நான் சொல்லவில்லை.

பெரிய டாக்டர் பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள பழைய குடும்பம். எங்களைச் சார், மேடம் என்னாமல் பிரெஞ்சில் முசே, மதாம் என்றுதான் கூப்பிடுவார். இரண்டு பேரையும் எதிரே உட்கார வைத்தார்.

"முசே, மெஷின அணைச்சா மறுபடி எழுந்திருக்குமா?"

"கண்டிப்பா எழுந்திருக்கும் டாக்டர்."

"மதாம் இன்னா சொல்றீங்க?"

"தெரியாது டாக்டர்."

"ஒரு வருஷமா பாத்துக்கறீங்க, தெரியாதா?"

"அணைச்சுப் பாக்காம யாருக்கும் தெரியாது டாக்டர். சாருக்கும் தெரியாது."

டாக்டர் மேஜை டிராயரிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தார். சென்னையில் ஒரு கம்பெனி எங்கள் வேலையில் பாதியைத் தாங்களே பார்த்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்திருந்தது. "மதாம், மாசக் கடைசியில உங்க கான்ட்ராக்ட் முடியுது. ரினியூவல் பேப்பரும் இதுலதான் இருக்கு, சென்னைக்காரன் பேப்பரும் இதுலதான் இருக்கு. ஞாயித்துக்கெழம நீங்க அணைச்சு அது எழுந்திருக்கலன்னா, நல்லா ஓடினத நிறுத்திக் கெடுத்தவங்கள எதுக்கு வெச்சிருக்கீங்கன்னு ட்ரஸ்டியெல்லாம் என்னைக் கேப்பாங்க. நான் அவனுக்குத்தான் கையெழுத்துப் போடணும். யோசிச்சு சொல்லுங்க."

"யோசிச்சுட்டுதான் லெட்டர் எழுதினேன் டாக்டர்."

வெளியே வந்ததும் எனக்குக் கோபம் போய்விட்டது, பயமாக இருந்தது. இந்தப் பெண் யாருக்காக இப்படித் தலையைக் கொடுக்கிறார் என்று புரியவில்லை. செவ்வாய்க்கிழமை தானாக அணைந்து விழுந்தால் பழி டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகும். அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு, சண்டே மார்க்கெட் கூட்டத்தில் நசுங்கி நடந்தே வந்து சேர்ந்தார். கவுண்டரில் அக்காவுக்குக் கையால் எழுதுகிற டோக்கனும் நோட்டும் தயாராகக் கொடுத்திருந்தார். அன்று பலகையில் நானூற்று முப்பத்தொன்று.

"சார், நீங்க அணைக்கிறீங்களா?"

"என் கையால முடியாது மேடம். நீங்களே பண்ணுங்க."

தட்டினார். மெஷினின் விசிறிச் சத்தம் நின்றது. ஒரு வருடத்துக்கு மேல் அந்தச் சத்தத்துக்குள்ளேயே இருந்து பழகிய எனக்கு, ரோட்டில் போகிற ஆட்டோ சத்தம் கேட்டதே புதிதாக இருந்தது. ஒரு நிமிடம் விட்டு சுவிட்சைப் போட்டார். கறுப்புத் திரையில் வரி வரியாக ஓடி, கடைசியில், உள்ளே வருகிறவர் பெயரைக் கேட்டுக்கொண்டு வந்து நின்றது.

"பாத்தீங்களா! நான் சொன்னேன் இல்ல? எழுந்துருச்சு!" என்று கத்திக்கொண்டே கவுண்டருக்கு ஓடினேன்.

"சார், இங்க ஒண்ணும் வரல" என்றார் அக்கா.

லேபில் வரவில்லை. மருந்துக் கவுண்டரில் வரவில்லை. பன்னிரண்டில் ஒன்றுகூட வரவில்லை. சர்வர் எழுந்துவிட்டது, ஆனால் யாரோடும் பேசவில்லை. ரவுண்ட்ஸ் முடித்த பெரிய டாக்டர் எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். நான் கம்பியைப் பார்த்தேன், கம்பிகளெல்லாம் வந்து சேருகிற ஹப்பைப் பார்த்தேன், ஒவ்வொரு முனையாகப் பிடுங்கிச் சொருகினேன். இருபது நிமிடம் போயிற்று. அந்த இருபது நிமிடமும் மேடம் நாற்காலியை விட்டு எழவில்லை. மெஷின் எழும்போது சொன்ன வரிகளை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"சார், கார்டு ஒண்ணுதான் இருக்குன்னு சொல்லுது."

நான் குனிந்து பார்த்தேன். பார்த்ததும் விளங்கிவிட்டது. மெஷின் கார்டுகளை வரிசை எண்ணால்தான் கூப்பிடும். இடி விழுந்த அன்று அதற்கு இரண்டு கார்டு இருந்தது, நாங்கள் இரண்டாவதில் பேசு என்று எழுதினோம். இப்போது எழும்போது செத்த கார்டை அது கண்டுகொள்ளவே இல்லை. ஓ.பி.யில் முதல் டோக்கன்காரர் வராவிட்டால் இரண்டாவது ஆள் முதலில் போவார் இல்லையா, அப்படி இரண்டாவது கார்டு முதலாவது ஆகிவிட்டது. தாளோ இரண்டாவதைத் தேடச் சொல்கிறது. இரண்டாவது என்று ஒன்று இல்லை.

டாக்டருக்கு விளக்கிச் சொன்னேன். "அந்த வரிய எழுதினது யாரு?" என்று கேட்டார்.

"கம்பிய மாத்தினது நான் டாக்டர்" என்றேன். உண்மையிலேயே அவரைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் முந்திக்கொண்டேன்.

மேடம் மாத்துவைத் தட்டி, அது அன்றைக்குப் பதிந்து வைத்திருந்த குறிப்பைத் திரையில் கொண்டுவந்து டாக்டருக்குக் காட்டினார். "கம்பிய மாத்தினது சார். தாள்ல எழுதினது நான் டாக்டர். தேதி, என் பேரு, காரணம் எல்லாம் இருக்கு பாருங்க. எழுதினப்ப சரி. அணைச்சதும் தப்பாயிடுச்சு."

டாக்டர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு அதைப் படித்தார்.

"நகருங்க மேடம், ஒரே செகண்ட்" என்று நான் கீபோர்டுக்குக் கையை நீட்டினேன். நாலு வார்த்தை தட்டினால் வந்துவிடும். அவர் நகரவில்லை. மாத்துவிடம்தான் சொன்னார். முன்பு இரண்டாவது, இனிமேல் முதலாவது என்று அது காட்டியது. ஏன் என்று கேட்டது. வேலை போய்விடும் என்று சொன்ன மனிதர் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார், இவர் நிதானமாகக் காரணம் எழுதிக்கொண்டிருக்கிறார். எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. எழுதி முடித்து, மெஷினை அந்த வரியைப் படிக்கச் சொன்னார்.

"சார், வந்துருச்சு!" என்று கவுண்டரிலிருந்து குரல்.

"வுவாலா!" என்றார் டாக்டர், இதோ ஆயிற்று என்கிற மாதிரி. முகம் மலர்ந்துவிட்டது. "செவ்வாக்கெழம இது ஆயிருந்தா என்னா ஆயிருக்கும்! ரொம்ப சரி. மேல வாங்க மதாம், ரினியூவல் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்துடறேன்."

நான் பெருமூச்சு விட்டுச் சுவரில் சாய்ந்தேன். முடிந்தது. இனி டீ குடிக்கப் போகலாம்.

"டாக்டர், மறுபடி ஒரு தடவை அணைக்கணும்" என்றார் மேடம்.

டாக்டர் வாசலில் நின்றுவிட்டார். "இன்னா மதாம் இது, இப்பதான எழுந்துச்சு?"

"இப்ப நாங்க எழுப்பினோம் டாக்டர். அதுவா எழுந்திருக்கல."

"மறுபடி வேற எதுனா ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா நீங்க சொன்ன மாதிரியே சென்னைப் பேப்பர்ல போடுங்க டாக்டர். அணைக்காம நான் வாங்கிக்க மாட்டேன்."

வாயை மூடிக்கொண்டு மாடி ஏறிப் போயிருந்தால் போதும், வேலை அவருடையது. நானாக இருந்தால் போயிருப்பேன், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் முகத்தைப் பார்த்தேன், எப்போதும்போல்தான் இருந்தது. மடியில் வைத்திருந்த கைகளைப் பார்த்தேன். இரண்டும் பிஸ்கட் டின்னை இறுக்கிப் பிடித்திருந்தன, கீபோர்டுக்கு வரவில்லை. இந்த மனுஷிக்குப் பயமே கிடையாது என்று ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்த மடையன் நான்.

"எழுந்திருங்க மேடம்" என்றேன்.

அவர் எழுந்தார். நான் உட்கார்ந்தேன். அணைக்கிற கட்டளையை என் கையால் தட்டினேன்.

விசிறி நின்றது. சுவிட்சைப் போட்டேன். திரையில் வரிகள் ஓட ஆரம்பித்தன. நான் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை. அந்த இரண்டு நிமிடம் எனக்குத் தெரிந்த சாமி, அவருக்குத் தெரிந்த சாமி எல்லாரையும் கூப்பிட்டேன். எங்கள் வீட்டில் யாருக்காகவும் நான் அப்படி வேண்டிக்கொண்டதில்லை. வரிகள் நின்றன. மெஷின் பெயரைக் கேட்டது. நான் கீபோர்டிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மேலே தூக்கி வைத்துக்கொண்டேன், நான் ஒன்றும் தொடவில்லை என்று எல்லாரும் பார்க்கிற மாதிரி.

கவுண்டரிலிருந்து அக்காவே எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "இன்னா சார் பண்ணீங்க? எல்லாம் தானா வந்துருச்சே, லேப்லயும் வந்துருச்சாம்."

டாக்டர் மாடிக்குப் போகவில்லை. ஃபைலைக் கீழே கொண்டுவரச் சொல்லி, எங்கள் மேஜையிலேயே வைத்து நின்றபடி கையெழுத்துப் போட்டு, பேப்பரை நீட்டினார். மேடத்தால் வாங்க முடியவில்லை. முக்காட்டு முனையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, சுவர் பக்கம் திரும்பி, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார். நான்தான் அதை இரண்டு கையாலும் வாங்கி வைத்துக்கொண்டு, அவர் அழுது முடிக்கிறவரை பக்கத்தில் நின்றேன்.